லேபும் லேப்டாப்பும்: ஃபிசிக்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு

பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் சேர்ந்த பசங்க என்கிட்ட எப்பவும் கேக்குறது ரெண்டே விஷயம்தான். "அக்கா, பைத்தான் கத்துக்கணுமா?" இது ஒண்ணு. "அக்கா, பிராக்டிக்கல்ல ஃபுல் மார்க் எடுக்க என்ன பண்ணணும்?" இது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் சேர்த்து ஒரே கேள்வியா யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. காலேஜ்லயும் அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காங்க, ஃபிசிக்ஸ் லேப் ஒரு நாள் மதியம், கம்ப்யூட்டர் லேப் வேற ஒரு நாள், ரெண்டுக்கும் வேற வேற ரெக்கார்டு நோட், வேற வேற எக்ஸாமினர், ஒரு பக்கம் எடுத்த ரீடிங் இன்னொரு பக்கம் போறதே கிடையாது.

எனக்கு ரெண்டும் ஒரே வேலைதான். ஒரு நம்பர் நம்ம கையில வருது, அது மீட்டர்லேந்து வந்தாலும் சரி ஸ்க்ரீன்லேந்து வந்தாலும் சரி, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு நமக்குச் சொல்லத் தெரியணும். ஃபிசிக்ஸ் டிகிரி வாங்கினவங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கணும்னா அது இதுவாத்தான் இருக்கணும்னு நான் முழுசா நம்புறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச சிம்பிள் பெண்டுலத்தையே எடுத்துக்குவோம். பிளஸ் ஒன்லேந்து பண்றோம், அதனால அலட்சியமா பண்ணி முடிச்சுடுறோம், ஆனா அதுக்குள்ள இருக்கிற விஷயம் ரொம்ப அதிகம். நூல் நீளம் ஒரு மீட்டர்னா ஒரு ஆட்டத்துக்கு 2 செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும், 20 ஆட்டம் எண்ணினா சுமாரா 40 செகண்ட். ஸ்டாப்வாட்ச் 0.01 செகண்ட் வரைக்கும் காட்டும், ஆனா நம்ம கண்ணு பாத்து விரல் அமுக்குறதுல 0.2 செகண்ட் முன்ன பின்ன ஆயிடும். 40ல 0.2ன்னா அரை சதவீதம். ஃபார்முலாவுல டைம் வர்க்கமா வருது, அதனால ஜி வேல்யூவுல (புவியீர்ப்பு முடுக்கம், சுமாரா 9.8) அது ரெட்டிப்பாகி ஒரு சதவீதம் ஆகுது, அதாவது சுமாரா 0.1. இப்ப நீளத்தைப் பாருங்க, ஒரு மில்லிமீட்டர் தப்பா அளந்தா கூட 0.1 சதவீதம்தான். ஆனா நம்ம லேபுல என்ன நடக்குது, குண்டோட விட்டத்தை வெர்னியர்ல அஞ்சு தடவை அளந்து டேபிள் போட்டு ஆவரேஜ் எடுக்கிறோம், டைமை மட்டும் 20 ஆட்டத்துக்கு ரெண்டு தடவை பாத்துட்டு விட்டுடுறோம். உழைப்பு போக வேண்டிய இடம் டைம்! 20க்கு பதிலா 50 ஆட்டம் எண்ணுங்க, அதே 0.2 செகண்ட் இப்ப 100 செகண்டுக்கு நடுவுல வருது, ஜி வேல்யூவுல 0.4 சதவீதமாக் குறைஞ்சிடும். எந்தப் புதுக் கருவியும் வாங்கல, காசு செலவில்ல.

இன்னொண்ணு, குண்டை எவ்வளவு தூரம் இழுத்து விடுறீங்கன்றது. சின்னக் கோணம்னு புத்தகத்துல போட்டிருக்கும், சின்னம்னா எவ்வளவுன்னு யாரும் கேக்குறதில்ல. 5 டிகிரின்னா ஒரு ஆட்டத்தோட டைம் 0.05 சதவீதம்தான் கூடும், கண்டுக்க வேண்டாம். 20 டிகிரி இழுத்தீங்கன்னா முக்கால் சதவீதம் கூடிடும், ஜி ஒன்றரை சதவீதம் குறைவா வரும். விரல் அமுக்குற தப்பு சில தடவை கூட வரும் சில தடவை குறைய வரும், அதனால நிறைய தடவை எடுத்தா சமன் ஆகும். இந்தக் கோணத் தப்பு அப்படி இல்ல, ஆயிரம் தடவை எடுத்தாலும் ஒரே பக்கமா இழுத்துட்டே இருக்கும். ராண்டம் எரர், சிஸ்டமேட்டிக் எரர்னு வைவாவுக்கு டெஃபனிஷன் மனப்பாடம் பண்றோம்ல, அது ரெண்டும் இந்த ஒரே நூல்ல தொங்குது, ரெண்டையும் கண்ணால பாக்கலாம்.

சென்னைப் பக்கம் ஜி 9.78தான் இருக்கும், நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருக்கிறதால. துருவத்துல 9.83. இது தெரியாம 9.8 வரணும்னு கணக்கைத் திருத்துற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, இதைப் பத்தி நான் கொஞ்சம் கோபமாவே பேசணும். ஸ்டாண்டர்டு வேல்யூவை முதல்ல எழுதிக்கிட்டு அதுலேந்து பின்னாடி போய் ரீடிங் போடுறது, சீனியர் ரெக்கார்டைப் பாத்து டேபிளை நிரப்புறது, இது பசங்களோட சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். சரியான விடை வந்தாத்தான் மார்க்குன்னு வச்சிருக்கிற முறைதான் இதைப் பண்ண வைக்குது. 9.6 வந்துச்சு, எனக்கு இவ்வளவு தப்பு இருக்கலாம்னு கணக்குப் போட்டேன், அதுக்குள்ள 9.78 அடங்குது, அதனால என் அளவீடு சரின்னு எழுதுற பொண்ணுக்கு, 9.801 வரவழைச்சவனை விட அதிக மார்க் கிடைக்கணும். அப்படி மார்க் போடுற ப்ரொஃபசர்கள் இருக்காங்க, அவங்ககிட்ட படிச்சவங்க வேற மாதிரி இருப்பாங்க, பேசினாலே தெரிஞ்சிடும்.

சரி, புத்தகத்துல இல்லாத ஒண்ணு கண்ணுல பட்டா என்ன பண்ணணும்? இதுக்கு நம்ம சென்னையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. சி.வி. ராமன் பிரசிடென்சி காலேஜ்ல ஸ்டூடண்டா இருந்தப்ப, ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பிரிசத்தோட கோணம் அளந்துட்டு இருந்தாரு. ஆமா, நாம பண்ற அதே ஏ ஆஃப் பிரிசம் தான். பிரிசம் முகத்துல சாய்வாப் பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்துல இருந்த கோடுகள் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைங்கிறதைக் கவனிச்சாரு. கோணத்தை எழுதிட்டு சைன் வாங்கிட்டுப் போயிருக்கலாம். போகல. அது ஏன்னு தொடர்ந்து பாத்து எழுதின கட்டுரை 1906 நவம்பர்ல லண்டன் ஃபிலசாஃபிக்கல் மேகசின்ல வந்துச்சு, அதுதான் அவரோட முதல் பேப்பர், அப்ப அவருக்கு வயசு 18. நோபல் வாங்கித் தந்த 1928 கண்டுபிடிப்பைப் பத்தி எல்லா ஊர்லயும் தேசிய அறிவியல் தினத்தன்னிக்கு பேசுறோம், எனக்கு என்னமோ இந்த 1906 கதைதான் பி.எஸ்சி. பசங்களுக்கு முக்கியம்னு தோணும். அதே கருவி நம்ம டிபார்ட்மென்ட்லயும் இருக்கு.

கைப்பழக்கம்னு ஒண்ணு இருக்கு, அதை எழுதி விளக்க முடியாது ஆனா கொஞ்சம் சொல்லிப் பாக்கிறேன். நியூட்டன் ரிங்ஸ் பண்றீங்க (லென்சைக் கண்ணாடித் தட்டு மேல வச்சா தெரியுற வளையங்களோட விட்டத்தை அளந்து லென்சோட வளைவைக் கண்டுபிடிக்கிறது), டிராவலிங் மைக்ரோஸ்கோப்பை இடது பக்கம் கடைசி வளையத்துக்குக் கொண்டு போயிட்டு அங்கேந்து ஒரே திசையில வலது பக்கம் வரைக்கும் திருகிட்டே வரணும். நடுவுல ஒரு வளையம் தாண்டிடுச்சுன்னு திரும்பப் பின்னாடி திருகினா போச்சு, ஸ்க்ரூவுல இருக்கிற பேக்லாஷ் (திசை மாத்தினதும் கொஞ்ச தூரம் வெறுமனே சுத்துற தளர்ச்சி) ரீடிங்குக்குள்ள வந்துடும். லென்சோட வளைவு ஆரம் ஒரு மீட்டர்னா சோடியம் வெளிச்சத்துல பத்தாவது வளையத்தோட விட்டம் சுமாரா 4.85 மில்லிமீட்டர், பதினொண்ணாவது 5.09. வெறும் 0.24 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், மைக்ரோஸ்கோப்போட லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சின்ன அளவு, 0.01. வெளிய போகப் போக வளையம் இன்னும் நெருக்கமாகும். அப்ப கிராஸ்வயரை வளையத்தோட உள் விளிம்புல வைக்கிறோமா நடுவுலயான்னு முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே பண்ணணும். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்ல, லேப் அசிஸ்டன்ட் அண்ணன்தான். எந்த லேம்ப் சூடாக எவ்வளவு நேரம் ஆகும், எந்த ரியோஸ்டாட்ல காண்டாக்ட் லூஸ், எந்த கால்வனாமீட்டர் ஒட்டிக்கும், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அவங்க பின்னாடி ஒரு மதியம் நின்னு பாருங்க, ஒரு செமஸ்டர் படிச்ச மாதிரி.

இந்த நியூட்டன் ரிங்ஸ்லதான் கம்ப்யூட்டர் உள்ள வரணும். வழக்கமா என்ன பண்றோம், விட்டத்தோட வர்க்கத்தை ஜோடி ஜோடியாக் கழிச்சு ஆவரேஜ் எடுக்கிறோம். அதுக்கு பதிலா வளையம் எண்ணை எக்ஸ்ல போட்டு விட்டத்தோட வர்க்கத்தை ஒய்ல போட்டு நேர்கோடு ஃபிட் பண்ணுங்க, பைத்தான்ல கணக்குக்கான நம்பை, படம் வரையுற மேட்பிளாட்லிப் ரெண்டு லைப்ரரியும் தெரிஞ்சா பத்து வரி. கோட்டோட சாய்வுலேந்து ஆரம் கிடைச்சிடும், அந்த சாய்வுல எவ்வளவு தப்பு இருக்கலாம்னும் சேர்ந்தே கிடைக்கும். கண்ணாடிக்கு நடுவுல தூசி இருந்து லென்ஸ் சரியா உக்காரலைன்னா மையம் கறுப்பா இருக்காது, கோடும் பூஜ்யம் வழியாப் போகாது, ஆனா சாய்வு மாறாது. இதைப் புரிஞ்சவங்களுக்கு அந்த எக்ஸ்பெரிமெண்ட் ஏன் அப்படி டிசைன் பண்ணியிருக்காங்கன்னு புரிஞ்சிடும். அதோட நிக்காதீங்க. ஒவ்வொரு புள்ளியும் கோட்டுலேந்து எவ்வளவு விலகி இருக்குன்னு தனியா ஒரு ப்ளாட் போடுங்க, ரெசிட்யூவல்னு சொல்லுவாங்க. புள்ளிகள் மேலயும் கீழயும் சிதறி இருந்தா நல்லது. வில்லு மாதிரி வளைஞ்சு இருந்தா ஏதோ ஒண்ணு நம்ம கணக்குல வரலைன்னு அர்த்தம். ஒரு புள்ளி மட்டும் எகிறி நின்னா அந்த வளையத்துல எண்ணிக்கை பிசகியிருக்கும், உடனே போய் திரும்ப எடுக்கலாம், கருவியைக் கழட்டி வைக்கிறதுக்கு முன்னாடி. அதனாலதான் லேபுக்குள்ளயே ப்ளாட் போட்டுப் பாக்கணும்னு நான் அடிச்சுச் சொல்றேன், வீட்டுக்குப் போய் ரெக்கார்டு எழுதுறப்ப தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

இப்ப கம்ப்யூட்டிங் பக்கம். நம்ம சிலபஸ்ல நியூமரிகல் மெத்தட்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கும், நியூட்டன் ராப்சன், சிம்சன் ரூல், ரங்கே குட்டா எல்லாம் கால்குலேட்டர் வச்சு கையால போட்டு எழுதுவோம், கம்ப்யூட்டர் லேபுல சி ப்ரோக்ராமை அப்படியே டைப் பண்ணி அவுட்புட் காட்டுவோம். எக்ஸாமுக்கு அது போதும். ஆனா ப்ரோக்ராம் ஓடிடுச்சு, எரர் மெசேஜ் வரல, அதனால விடை சரின்னு நெனைக்கிறது ரொம்ப ஆபத்து, அதுக்கும் பெண்டுலமே போதும் காட்டுறதுக்கு. அதே ஒரு மீட்டர் பெண்டுலத்தை ஆய்லர் முறையில (நேரத்தைச் சின்னச் சின்ன ஸ்டெப்பா வெட்டி, ஒவ்வொரு ஸ்டெப்லயும் பழைய இடம், பழைய வேகத்தை வச்சு அடுத்ததைக் கணக்குப் போடுறது) கம்ப்யூட்டர்ல ஆட விடுங்க, ஸ்டெப் 0.01 செகண்ட் வைங்க, சின்னதாத்தான தோணுது? பத்து செகண்ட் கழிச்சு அதோட எனர்ஜியைக் கணக்குப் போட்டா ஆரம்பிச்சதை விட இரண்டரை மடங்குக்கு மேல இருக்கும். யாரும் தள்ளி விடல, ஆனா ஊஞ்சல் தானா உயர உயரப் போகுது! இப்ப ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க: முதல்ல வேகத்தைப் புதுப்பிச்சுட்டு, அந்தப் புது வேகத்தை வச்சு இடத்தைக் கணக்குப் போடுங்க. அவ்வளவுதான், எனர்ஜி அங்கேயே சுத்திச் சுத்தி நிக்கும், எகிறாது. ஆய்லர் க்ரோமர்னு இதுக்குப் பேரு. இதை ஒரு தடவை தன் கையால பாத்தவங்க அப்புறம் எந்த சிமுலேஷனையும் எனர்ஜி செக் பண்ணாம விட மாட்டாங்க. லேபுல ஜீரோ எரர் பாக்கிறோம்ல (அளக்க எதுவும் இல்லாதப்ப கருவி பூஜ்யம் காட்டுதான்னு), கம்ப்யூட்டர்ல அந்த இடத்துல இருக்கிறது இதுதான், விடை ஏற்கனவே தெரிஞ்ச ஒரு கேஸை முதல்ல ஓட்டிப் பாக்கிறது.

அப்புறம் அந்தக் கோண விஷயத்துக்கு வாங்க. 20 டிகிரியில, சின்னக் கோணம்னு சுருக்காம, சைன் தீட்டாவை அப்படியே வச்சு ஓட்டினா டைம் எவ்வளவு கூடுதுன்னு ப்ரோக்ராம் சொல்லும், நிஜ நூலைக் கட்டித் தொங்கவிட்டு அதுவும் கூடுதான்னு பாக்கலாம். ஒரே மதியத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இதுக்கு சிலபஸ்ல இடம் இல்ல, ஆனா இதைத் தடுக்கிறதுக்கும் யாரும் இல்ல.

கம்ப்யூட்டரே ஒரு லேபா ஆன கதை ஒண்ணையும் சொல்லிடுறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1950கள்ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ்ல மேனியாக்னு ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஃபெர்மி, பாஸ்தா, உலாம் மூணு பேரும் வரிசையா ஸ்பிரிங்கால கட்டின எடைகளை அதுல ஆட விட்டுப் பாக்கலாம்னு நெனச்சாங்க, ஸ்பிரிங் கொஞ்சம் நேர்கோட்டு விதிக்கு அடங்காத மாதிரி வச்சாங்க. ஒரு விதமான ஆட்டத்துல கொடுத்த எனர்ஜி மெதுவா எல்லா ஆட்டத்துக்கும் பரவிடும்னுதான் எதிர்பாத்தாங்க. பரவல, கொஞ்சம் போயிட்டு திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே கிட்டத்தட்ட வந்துடுச்சு. சாலிட்டான் (உருக்குலையாம ஓடுற தனி அலை), கேயாஸ் (ஆரம்பத்துல சின்ன மாத்தம் வந்தாலே முழுசா மாறிப் போற இயக்கம்) பத்தின ஆராய்ச்சிக்கெல்லாம் இது ஒரு பெரிய ஆரம்பம். அந்த ப்ரோக்ராமை எழுதி மெஷின்ல ஓட்டினவங்க மேரி சிங்கோன்னு ஒரு பெண். 1955ல வந்த ரிப்போர்ட்ல எழுதினவங்க பேர்ல அவங்க இல்ல, வேலை செஞ்சவங்க பட்டியல்லயும் அடிக்குறிப்பு நன்றியிலயும்தான் பேர் இருந்துச்சு. பல வருஷம் கழிச்சுத்தான் சிங்கோ பேரையும் சேர்த்து சொல்ல ஆரம்பிச்சாங்க. 32 எடை வச்சு அதை நம்ம லேப்டாப்ல இன்னைக்கு ஓட்ட ஐம்பது வரி கூட வேண்டாம், மூணாவது வருஷ ப்ராஜெக்டுக்கு இதை விட நல்ல விஷயம் எனக்குத் தெரியல.

லேபையும் லேப்டாப்பையும் நேரா வயர் போட்டு இணைக்கிறதுக்கு ஆர்டுயினோன்னு ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு இருக்கு. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு, பிரெட்போர்டு, ஜம்பர் வயர் எல்லாம் கிடைக்கும். டெல்லியில இருக்கிற இன்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர்காரங்க ஃபீனிக்ஸ்னு ஒரு திட்டத்துல உருவாக்கின எக்ஸ்ப்ஐஸ் (ExpEYES)னு ஒரு சின்னப் பெட்டியும் இருக்கு, காலேஜ் லேபுகளுக்காகவே பண்ணினது, பைத்தான்லயே ஓடும், சில டிபார்ட்மென்ட்ல வாங்கி பீரோவுல பூட்டி வச்சிருப்பாங்க, கேட்டு எடுங்க.

ஆர்டுயினோ ஊனோவுல 0லேந்து 5 வோல்ட் வரைக்கும் 1024 படியாப் பிரிக்கும், ஒரு படி சுமாரா 4.9 மில்லிவோல்ட், அதுக்குக் கீழ எதுவும் தெரியாது, இதுவும் லீஸ்ட் கவுண்ட்தான். டெம்பரேச்சர் சென்சார் டி.எஸ்.18பி20 எடுத்தீங்கன்னா 0.0625 டிகிரி படியாக் காட்டும், ஸ்க்ரீன்ல நாலு டெசிமல் வந்து நிக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா அதோட துல்லியம் ப்ளஸ் ஆர் மைனஸ் 0.5 டிகிரின்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு. ஒரே மாதிரி ரெண்டு சென்சாரை ஒரே டம்ளர் தண்ணியில போட்டுப் பாருங்க, வேற வேற நம்பர் வரும். ஐஸ் தண்ணியில வச்சு பூஜ்யத்தைச் சரிபாருங்க. கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாக்கிறதுன்னா ஊரைப் பொறுத்தது, ஊட்டியில 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும்.

எதையும் இணைக்காம ஆர்டுயினோவோட அனலாக் பின்ல ஒரு நீள வயரை மட்டும் செருகி சும்மா விட்டு ரீடிங் எடுத்துப் பாருங்க. குப்பையா ஏதோ ஆடும். அதை அப்படியே ஃபைல்ல சேமிச்சு நம்பைல ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் (எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்குன்னு பிரிச்சுக் காட்டுறது) போட்டீங்கன்னா 50 ஹெர்ட்ஸ்ல ஒரு ஊசி மாதிரி எழும்பி நிக்கும். சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட்டை அந்த வயர் ஆன்டெனாவா இருந்து பிடிச்சிருக்கு. இப்ப வேணும்னே ஒரு செகண்டுக்கு 45 ரீடிங் மட்டும் எடுங்க, 50 காணாமப் போய் 5 ஹெர்ட்ஸ்ல வந்து நிக்கும், எங்கேயும் இல்லாத ஒரு அதிர்வு. ஏலியாசிங்னு இதுக்குப் பேரு. அந்த 5 ஹெர்ட்ஸை நம்பி யாராவது தியரி எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இதைப் பண்ணி முடிச்ச கையோட லைகோ டேட்டாவைத் திறங்க, லைகோன்னா அமெரிக்காவுல ஈர்ப்பலையைப் பிடிக்கிற கருவி. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி வந்த முதல் ஈர்ப்பலையோட டேட்டா இணையத்துல எல்லாருக்கும் இலவசமா இருக்கு, பைத்தான் நோட்புக்கோட சேர்த்தே கொடுத்திருக்காங்க. நாலு கிலோமீட்டர் நீளக் கை, அது மாறின அளவு ஒரு புரோட்டானோட விட்டத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அந்த டேட்டாவுக்கு ஃபூரியர் போட்டுப் பாத்தா 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஊசி நிக்கும், அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ். உலகத்துலயே நுணுக்கமான கருவிக்குள்ளயும் சுவத்து கரண்ட் புகுந்திருக்கு, நம்ம ஆர்டுயினோ வயர்ல புகுந்த அதே விஷயம். அதையெல்லாம் ஒவ்வொண்ணா வடிகட்டி, 35லேந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் 0.2 செகண்டுக்குள்ள ஏறுற அந்த அலையை நீங்களே ஸ்க்ரீன்ல வரவழைக்கலாம். நான் முதல் தடவை வரவழைச்சப்ப எழுந்து நின்னுட்டேன். மகாராஷ்டிராவுல ஹிங்கோலி மாவட்டத்துல லைகோ இந்தியா வரப்போகுது, 2023ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கு. அங்க வேலை பாக்கப் போறவங்கள்ல சிலர் இப்ப நம்ம ஊர் காலேஜ்ல ஸ்க்ரூ கேஜ் பிடிச்சுட்டு இருக்கிறவங்களா இருக்கணும்னு எனக்கு ஆசை.

லேப்டாப் இல்லையேன்னு கேக்குறவங்களுக்கு: போனே போதும் ஆரம்பிக்க. பைத்தான் எழுதி ஓட்டுற கூகுள் கோலாப், போன் ப்ரவுசர்லயே ஓடும், டைப் பண்ணக் கஷ்டம்தான், ஆனா ஓடும். ஜெர்மனியில ஆகென் யுனிவர்சிட்டிகாரங்க பண்ணின ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, போன்ல இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர், மைக், காந்த சென்சார் எல்லாத்தையும் லேப் கருவியா மாத்திடும், ரீடிங்கை ஃபைலாவே எடுத்துக்கலாம். போனையே கயித்துல கட்டி ஆட விட்டா பெண்டுலம், ஸ்டாப்வாட்ச் அமுக்குற விரலே வேண்டாம். இங்கிலீஷ் வீடியோ புரியலைன்னா ஐ.ஐ.டி. பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்லயே லினக்ஸ், பைத்தான், சைலாப் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாங்க.

எடுத்த ஃபைலுக்கு டெஸ்ட்1, டெஸ்ட்2, ஃபைனல், ஃபைனல்நியூன்னு பேர் வைக்காதீங்க. தேதி, எக்ஸ்பெரிமெண்ட், எந்தக் கருவி, அவ்வளவும் பேர்லயே இருக்கட்டும். அப்சர்வேஷன் நோட்ல பேனாவால எழுதுங்க, தப்பான ரீடிங்கை ஒரு கோடு போட்டு அடிங்க, வொயிட்னர் வேண்டாம், ரெண்டு வாரம் கழிச்சு அந்த அடிச்ச நம்பர்தான் சரின்னு தெரிய வரலாம். பக்கத்து டேபிள்காரங்க ரீடிங்கையும் கேட்டு வாங்கி ஒரே ப்ளாட்ல போட்டுப் பாருங்க, மொத்த கிளாஸோட ஜி வேல்யூ எப்படிப் பரவி இருக்குன்னு.